கடலுக்குக் கொண்டுபோன சீத்தை

பூச்சி,

முந்தாநாள் நான் கடலில் குளித்தேன். நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். "நீங்களா? சும்மா பொய் சொல்லாதீங்கம்மா" என்று சிரித்திருப்பாய். உன் அப்பா சாட்சி. லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கிற செல்லம்மா சாட்சி. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் பீலியில் தலையை அலசியும் உப்புப் பிசுபிசுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. நீ இறந்து ஒரு வருசமும் நாலு நாளும் ஆகிறது. இந்த ஒரு வருசத்தில் உனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தும் ஒரு வரி எழுத வரவில்லை. கடலில் இறங்கி ஏறிய பிறகுதான் எழுதலாம் என்று மனதுக்குப் பட்டது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் ஏறிவிட்டது. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். இந்தத் தாள்கள் உன் பள்ளிக்கூடக் கொப்பியில் மிச்சம் கிடந்தவை. நீ கடைசியாகப் போன நாட்டில் உன்னோடு வேலை செய்த, குருவிட்ட ஊர்ப் பிள்ளை சாமலி, "அம்மே, எழுதினா எனக்கும் ஒரு பிரதி தாங்க, நங்கியோட வேலை செஞ்சவங்க எல்லாரும் படிக்கிற மாதிரி மொழி மாத்தி அச்சில போடலாம்" என்று கேட்டிருக்கிறாள். நங்கி என்று அவள் சொல்வது உன்னைத்தான், சிங்களத்தில் தங்கச்சி. போடட்டும். நீ படிக்கப் போவதில்லை. பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய் யாராவது படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்காக நம் பீலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கிற இடம் அது. இலங்கையில் றக்வான மலையில் எங்கள் தோட்டத்தில், வரிசைக் காம்பராக்களான லயத்தில் இருக்கிற பெண்கள் எல்லாரும் அங்கேதான் குளிக்கிறோம். குளிக்கும்போது சீத்தையை, அதாவது பூப்போட்ட சுற்றுத் துணியை, நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்வோம். சிறு பிள்ளைகள் கவுனோடு குளிக்கலாம். வயதுக்கு வந்த பிறகுதான் சீத்தை. உனக்கும் நான்தான் கட்டக் கற்றுக்கொடுத்தேன். இறுக்கிச் சுற்றி, முனையை மூன்று தரம் முறுக்கி, இடது அக்குளுக்குக் கீழே உள்பக்கமாகச் செருக வேண்டும். அப்படிக் கட்டினால் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் அவிழாது. இரண்டு தரம் முறுக்கினால் அவிழும். நீ முதல் நாள் இரண்டு தரம் முறுக்கிவிட்டுப் பட்ட பாடு எனக்கு இன்றைக்கும் சிரிப்பு.

பீலியில் இன்னொரு வழக்கமும் உண்டு. குளித்துவிட்டு ஏறி வருகிறவளை இறங்கிப் போகிறவள் ஒன்றும் கேட்காமல் தாண்ட மாட்டாள். "தண்ணி எப்படிடீ?" என்று கேட்பாள். அவள், "ஊசியா குத்துதுக்கா" என்பாள், அல்லது, "இன்னிக்குப் பரவால்ல" என்பாள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறவர்கள்கூட அந்த இடத்தில் அதை மட்டும் கேட்டுக்கொள்வார்கள். நீ மாத்திரம் என்றைக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. மார்கழி மாதத்தில் உதடு நீலம் பாரித்து ஏறி வருவாய், "தண்ணி எப்படி?" என்றால், "சுடுதண்ணிம்மா, தேத்தண்ணி போடலாம்" என்பாய். நானும் நம்பிப் போய் அப்படியே தலையைக் கொடுத்து அலறுவேன். மேலே வாழை மரத்துக்குப் பின்னால் நின்று நீ சிரிப்பாய். ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு வருசமும் நம்பியிருக்கிறேன்.

கடல் விசயத்தில் நான் உனக்குச் செய்த முதல் பிழை உன் எட்டாம் வகுப்பில். பள்ளிக்கூடத்திலிருந்து காலிப் பக்கம் சுற்றுலா கூட்டிப்போனார்கள். உன்னை அனுப்பினேன், அனுப்பும்போதே, "தண்ணியில காலு படக்கூடாது, பட்டுச்சுன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினேன். வயதுக்கு வந்த பிள்ளை, நனைந்த உடம்போடு பையன்களுக்கு நடுவில் நிற்கக் கூடாது என்பது என் கணக்கு. நீ திரும்பி வந்து, "கடல் நல்லா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னாய். பிறகு உன் டீச்சர் சந்தையில் என்னைக் கண்டபோது சொன்னார், பிள்ளைகள் எல்லாரும் அலையில் விளையாட நீ மாத்திரம் ஒரு கல்லில் உட்கார்ந்து முப்பத்தைந்து சோடிச் செருப்புக்கும் காவல் இருந்தாயாம். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. என் பிள்ளை சொன்ன சொல் கேட்கிறாள் என்று செல்லம்மாவிடம் போய்ச் சொன்னேன். நானும் அப்படித்தான். வருசா வருசம் தோட்டத்தில் பஸ் பேசிக் கதிர்காமம் போவோம். திரும்பி வரும்போது ஹம்பாந்தோட்டைப் பக்கம் கடற்கரையில் நிறுத்துவார்கள். எல்லாரும் இறங்குவார்கள். நான் பஸ்ஸில் இருந்து பைகளைப் பார்த்துக்கொள்வேன். இருபது வருசம் பைக்காவல் இருந்தவளின் மகள் செருப்புக்காவல் இருந்தாள்.

பள்ளிக்கூடம் முடித்து நீ தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தாய். மலைக்குப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை அங்கே பார்த்துக்கொண்டாய். உன் கைக்குப் போனால் எந்தக் குழந்தையும் அழுகையை நிறுத்தும். முன்பள்ளிப் பயிற்சியும் முடித்தாய். இருபத்தைந்து வயதில், ஒரு வருசம் சம்பளமில்லாமல் தன்சானியா நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய ஆள் எடுக்கிறார்கள், சாப்பாடும் இடமும் தருவார்கள் என்று வந்து நின்றாய். உன் அப்பா அந்த நாடு எந்தப் பக்கம் என்று கேட்டார். நான், "இங்க இல்லாத புள்ளைங்களா?" என்று கேட்டேன். "இங்க பாத்துக்க நீங்க எல்லாம் இருக்கீங்கம்மா" என்றாய்.  பெட்டி கட்டும்போது நான் என் புதுச் சீத்தையை, நீலத்தில் மஞ்சள் பூப்போட்டதை, மடித்து வைத்தேன். "அங்க பாத்ரூம் இருக்கும்மா, கதவு போட்டுத்தான் குளிப்பாங்க" என்றாய். "எந்த ஊருக்குப் போனாலும் குளிக்கணும், இருக்கட்டும்" என்று நான்தான் அழுத்தி வைத்தேன். இதை மறக்காமல் இங்கே எழுதிவைக்கிறேன். அந்தச் சீத்தையை உன் பெட்டியில் வைத்தது நான்.

நீ போய் ஐந்தாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு வடித்துக்கொண்டிருந்தேன். செல்லம்மா போனைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "ஏங்க்கா, ஒங்க மக சேவை செய்யப் போனாளா, படம் புடிக்கப் போனாளா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். கடற்கரை. நீ அந்தச் சீத்தையை நெஞ்சுக்குக் கட்டியபடி தலையில் தண்ணீர் சொட்ட நிற்கிறாய். பக்கத்தில் நாலைந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுத்த பிள்ளைகளும் அதே மாதிரி கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஓரத்தில் காற்சட்டையோடு இரண்டு ஆண்கள். எல்லாரும் வாயைத் திறந்து சிரிக்கிறீர்கள். செல்லம்மாவின் தங்கை மகனுக்குத்தான் உன்னைக் கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருந்தோம். அவள், "நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன், அவங்க வீட்ல பாத்தா என்ன சொல்லுவாங்களோ" என்று இழுத்தாள்.  சோறு குழைந்துபோனதுகூடத் தெரியவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் நீயே போன் எடுத்தாய். உன் குரலில் அவ்வளவு துள்ளல்.

"அம்மா, நேத்து லீவு. எங்க எல்லாரையும் ஒரு நாளைக்குக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. போட்டோ பாத்தீங்களா?"

"பாத்தேன். ஊரே பாத்துச்சு. யாரு எடுத்தது அத?"

"கூட வேலை செய்ற ஒருத்தங்க. அம்மா, கேளுங்களேன், தண்ணி..."

"தண்ணியும் வேணாம் ஒன்னும் வேணாம். அந்த ஆம்பளைங்க யாரு? நீ பீலியில நிக்கிற கோலத்தில கடக்கரையில நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? மொதல்ல அந்தப் படத்த போன்ல இருந்து எடு."

 "சரிம்மா, எடுக்கிறேன்" என்றாய். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டோம்.

நாம் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்று நாளைக்கு ஒரு தரம் பேசினோம். அங்கேயும் மலைப்பக்கம் தேயிலை இருக்கிறது, அங்கேயும் பெண்கள்தான் பறிக்கிறார்கள், ஆனால் கூடை வேறு மாதிரி என்று சொன்னாய். ஒரு குழந்தை உன்னைத் தவிர யாரிடமும் சோறு வாங்க மாட்டேன் என்கிறது என்று சொன்னாய். நானும் மழையைச் சொன்னேன், அட்டைக்கடியைச் சொன்னேன், செல்லம்மாவின் ஆடு குட்டி போட்டதைச் சொன்னேன். எல்லாம் பேசினோம். கடல் என்ற சொல் மட்டும் அதற்குப் பிறகு உன் வாயில் வரவே இல்லை. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் என்றாய். அந்த ஊர்க் காய்ச்சல், நுளம்புக் கடியால், கொசுக்கடியால் வருவது. நாலாம் நாள் போன் வந்தது, உன் குரல் இல்லை. பிறகு ஒன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். பெரியவர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். கடைசியாக உன்னைக் குளிப்பாட்டத்தான் விடவில்லை. மஞ்சளும் அரப்பும் கரைத்து வைத்த தண்ணீர் வாளியோடு அப்படியே இருந்தது. உன் அப்பா கொண்டுபோய் வாழை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். பிறந்த அன்றைக்கு உன்னைக் கையளவில் வாங்கிக் குளிப்பாட்டினவள் நான். எட்டு மாதத்தில் பிறந்த உன்னைப் பார்த்துப் பூச்சி மாதிரி இருக்கிறாயே என்று சொன்னவளும் நான்தான், அந்தப் பெயர்தான் நின்றது.

நீ இறந்த நாலாம் மாதம் சாமலி வந்தாள். குருவிட்டவிலிருந்து இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து, லயத்துக்கு வழி கேட்டுக் கேட்டு வந்தாள். நல்ல பிள்ளை. தேத்தண்ணி கொடுத்தேன். சிங்களத்தில்தான் பேசினோம். உன் சாமான்களை ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். மேலேயே சீத்தை இருந்தது, சவர்க்காரம் போட்டுத் துவைத்து மடித்து. எடுத்து முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார வாசனையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. இதைக் கட்டிக்கொண்டு கடலில் நின்ற படம் பார்த்தேன் என்று நான் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "அன்னிக்கு நங்கி ஹரி சந்தோசென் ஹிட்டியே அம்மே" என்றாள். அவ்வளவு சந்தோசமாக இருந்தாயாம். அன்றைக்கு நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் தங்கள் நாட்டு நீச்சல் உடுப்பில் கடலுக்குள் ஓடிவிட்டார்கள். நீ மட்டும் மணலில் உட்கார்ந்து எல்லாருடைய பைக்கும் செருப்புக்கும் காவல் இருந்தாய். சாமலிக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை, அவளும் உன் பக்கத்தில் இருந்தாள். "நீ போகலையா?" என்று கேட்டிருக்கிறாள். "எங்கம்மாவுக்குப் பிடிக்காது" என்றாயாம். கொஞ்ச நேரம் கழித்து நீயே பையிலிருந்து சீத்தையை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "இத எங்கம்மாதான் வச்சு அனுப்புனாங்க. இதக் கட்டிக்கிட்டுப் போனா அம்மாவோட பீலிக்குப் போற மாதிரிதானே" என்றாயாம். சாமலி, "போ, போ, பைய நான் பாத்துக்கிறேன்" என்றாளாம்.

பிறகு மற்றப் பெண் பிள்ளைகளும் கரைக்கு வந்து தங்களுக்கும் அப்படிக் கட்டிவிடச் சொன்னார்களாம். அந்த நாட்டுப் பெண்கள் உடுத்துகிற பூத்துணிகளை வாங்கி ஐந்து பேருக்கு நீ கட்டிவிட்டாய். ஒருத்தி தானே கட்டிக்கொள்கிறேன் என்று போய் முதல் அலையிலேயே துணியைத் தேடினாளாம். நீ கட்டிவிட்ட ஐந்தில் ஒன்றும் அவிழவில்லை. "மூணு தரம் முறுக்கணும், ரெண்டு பத்தாது, எங்கம்மா சொல்லியிருக்காங்க" என்று எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிக் கட்டினாயாம். பூச்சி, அந்தப் படத்தில் அத்தனை பேரும் அதே மாதிரி கட்டியிருந்ததை நான் பார்த்தேன். அது என் கட்டு. என் கையால் கற்றுக்கொடுத்த கட்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் உன்னைத் திட்டினேன்.

சாமலியிடம் ஒரு விசயம் கேட்டேன். தண்ணீர் எப்படி இருந்ததாம் என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "நான் எறங்கலியே அம்மே, பைக்கிட்டதானே இருந்தேன். நங்கியைக் கேக்கணும்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வருசம் கதிர்காமம் போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். உன் திவசம் முடிந்த மறுநாள் பஸ். உன் அப்பா, "வா, போயிட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னார். நான் சீத்தையைப் பைக்குள் வைத்ததை அவர் பார்த்தார். திரும்பும்போது பஸ் வழக்கமான இடத்தில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அவர் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எந்திரி. பையெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றார். சாமலி சொன்னதை அவரும் அன்றைக்குக் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்தான்.

பஸ்ஸின் மறைவில் நின்று கட்டிக்கொண்டேன். மூன்று முறுக்கு. அம்பத்தாறு வயதில், வெட்டவெளியில், கடலைப் பார்த்து அந்தக் கோலத்தில் முறுக்கை ஒரு கையால் பிடித்தபடியே நடந்தேன். கரையில் நம் தோட்டத்து ஆண்களும் இருந்தார்கள், பிற ஆட்களும் இருந்தார்கள். யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. அவரவர் அவரவர் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லம்மா மட்டும் பார்த்தாள். சீத்தையை அடையாளம் கண்டுகொண்டாள். பஸ்ஸுக்குப் போனாள், இன்னொரு துணியோடு வந்தாள். "எனக்கும் கட்டிவிடுங்கக்கா, ஒங்க கட்டுத்தான் அவுழாது" என்றாள். கட்டிவிட்டேன். முறுக்கும்போது குனிந்தபடியே சொன்னாள், "அக்கா, அந்தப் படத்த அவங்க வீட்ல பாத்தாங்க. ஒன்னும் சொல்லல. அந்தப் பொடியன் அதுக்கு லைக்குகூடப் போட்டிருந்தான். நான்தான் அத ஒங்கக்கிட்ட சொல்லல." நான், "சரி, விடு" என்றேன்.  அவள் கொண்டுவந்து காட்டினது படத்தை. திட்டினது என் வாய்.

டிரைவர் மேலே நின்றுகொண்டு, "முழங்காலுக்கு மேல யன்ன எப்பா, போக வேணாம்" என்று இரண்டு பாசையிலும் கத்தினார். நாங்கள் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. கரையிலேயே உட்கார்ந்தோம். அலை வந்து எங்களைத் தூக்கிப் பக்கவாட்டில் போட்டது. செல்லம்மா, "ஐயோ, ஆத்தா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்த என் விரல்கள் உப்பில் எரிந்தன. காலில் அட்டை கடித்த இடங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தன. ஆனால் தண்ணீர் குளிரவில்லை. நான் பீலியை மனதில் வைத்துக்கொண்டு உடம்பை இறுக்கி உட்கார்ந்திருந்தேன். அது குழந்தைக்குப் பால் கரைக்கிற சூட்டில் வந்து மடியில் ஏறியது. அலை மூன்று போனபிறகு நான் இறுக்கியிருந்ததை விட்டேன். அழுதேனா என்று தெரியவில்லை, முகம் முழுக்க உப்புத்தான். ஏறி வரும்போது பஸ் படியில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, பைகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்து, "தண்ணி எப்படி?" என்று கேட்டார். நாங்கள் கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தரம். ஆண்கள் கேட்கிற வழக்கம் இல்லை. "நல்லா இருக்கு" என்று சொன்னேன்.

உன் கல்யாணத்துக்கு முதல் நாள் உன்னை உட்கார வைத்துச் சொல்ல எத்தனையோ புத்திமதி சேர்த்து வைத்திருந்தேன். மாமியாரிடம் எப்படிப் பேச வேண்டும், சண்டை வந்தால் எவ்வளவு நேரம் மூஞ்சியைத் தூக்கி வைக்கலாம் என்பது வரைக்கும். இப்போது அதில் ஒன்றும் ஞாபகம் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான், அதையும் உனக்குச் சொல்ல முடியாமல் மற்றத் தாய்மாருக்குச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை எங்கேயாவது போய்விட்டு வந்து உங்களிடம் சொல்ல வாயைத் திறந்தால், யார் கூட இருந்தார்கள், யார் பார்த்தார்கள் என்று கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் பிள்ளையைச் சொல்லி முடிக்க விடுங்கள்.

சீத்தையைத் துவைக்கவில்லை. கொடியில் காய்ந்து உப்புப் பூத்து மொறமொறப்பாகக் கிடக்கிறது. செல்லம்மா காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். நாளைக்கு வேலை, மறுபடி மலைக்குப் போக வேண்டும், இதை இன்றைக்கே முடிக்கிறேன். நம் பீலியில் எதிரியிடம்கூடக் கேட்கிற கேள்வியை, முதல் தரம் கடலில் குளித்துவிட்டு வந்து அத்தனை தூரத்திலிருந்து என்னைக் கூப்பிட்ட உன்னிடம் நான் கேட்கவில்லை. நீயே சொல்ல வந்தாய், தண்ணி என்ற சொல்லோடு உன்னை நிறுத்திவிட்டேன். இப்போது கேட்கிறேன். இந்தத் தரம் விளையாடாமல் உண்மையைச் சொல்லு பூச்சி, தண்ணி எப்படி இருந்துச்சு?